கரஸில் ஒரு பட்டம்

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்விட்டவர், வேலையை விடாமல் பட்டம் வாங்குவதற்கான ஏற்பாடு தொலைநிலைக் கல்வி. நாட்டில் இதை 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதில் இறங்கின. பிறகு 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அஞ்சல்வழி, தொலைநிலை, திறந்தநிலை என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் ஊர் வாயில் அது 'கரஸ்'தான்.

மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர் இதில் பி.இ. படிக்க முடியாது, பொறியியலை இப்படிக் கற்பிக்க விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே பகலில் லேத்தில் நிற்பவர் இரவில் பி.ஏ. வரலாறு படிக்கிறார். இது வீண் என்று சொல்வதற்கில்லை. அக்பரின் மன்சப்தாரி முறையில் யாருக்கு மேல் யார் என்பதை, சூப்பர்வைசருக்கும் ஃபோர்மேனுக்கும் நடுவே நிற்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்திரா காந்தி பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. பழைய மூன்றாண்டு பி.ஏ. திட்டத்தில் 132 கிரெடிட், அதாவது 3,960 மணி. நாள் தவறாமல் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படித்தால் போதுமாக இருந்தது. மூன்றாண்டில் முடியாதவர் ஆறு ஆண்டுவரை இழுக்கலாம். நடைமுறையில் இந்த நேரம் நாள்தோறும் பிரிந்து விழுவதில்லை. அசைன்மென்ட்டின் கடைசித் தேதிக்கு முந்தைய இரவில் மொத்தமாக வந்து இறங்குகிறது. அந்தத் தேதி சில சமயம் தள்ளிப்போகும். அப்போது இரவும் கூடவே தள்ளிப்போகும்.

அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். யார் கையால் என்ற இடத்தில்தான் குடும்பம் உள்ளே நுழைகிறது. ஒரே விடைத்தாளில் முதல் நான்கு பக்கம் கோழிக் கிறுக்கலும் அடுத்த நான்கு பக்கம் முத்து முத்தான எழுத்துமாக இருந்தால், கணவர் பத்து மணிக்குத் தூங்கிவிட்டார் என்று மதிப்பீட்டாளர் ஊகித்துக்கொள்ளலாம்.

தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். பஞ்சாங்கம் அறிந்தவர்கள் டிசம்பரையே விரும்புவார்கள். ஜூனில் வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் குறுக்கே நிற்கும். பரீட்சை என்று சொல்லிப் பந்திக்கு வராதவரை எந்தச் சித்தப்பாவும் மன்னிப்பதில்லை. டிசம்பர் பாதிக்கு மேல் மார்கழி. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. உறவினர்கள் மனிதரைப் படிக்க விட்டுவிடுவார்கள்.

தேர்வறையில் பயன்படுவது பெரும்பாலும் பள்ளிக்கூட பெஞ்சு. நாற்பது வயது முழங்கால் அதற்குள் நுழையச் சற்று நேரமாகும். மாதத்துக்கு ஒரு கையெழுத்து மட்டுமே போட்டுப் பழகிய விரல்கள் முதல் மணி நேரத்திலேயே உதறல் எடுக்கும். வெளியே வேப்பமரத்தடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஆண்கள், உள்ளே எழுதுபவர்களின் கணவர்கள். பால் பாட்டிலைத் திறக்கத் தெரியாத ஒருவருக்கு அந்த மூன்று மணி நேரம் தனிப் பாடத்திட்டம்.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தது. கல்யாணத் தரகர்களின் கைக்கு மட்டும் அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. “பி.ஏ.வா? ரெகுலரா, கரஸா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஜாதகத்தையே விரிக்கிறார்கள்.