திருடனும் போலீசும் ஓட்டிய கார்

கேள்வி: 1960-களின் ஜாகுவார் மார்க் 2 காருக்கு இன்னும் ஏன் இத்தனை மவுசு? ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கலாமா?

பதில்: 1959-ல் வந்த இந்த இங்கிலாந்துக் கார், 3.8 லிட்டர் எஞ்சினோடு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. உள்ளே வால்நட் மர டாஷ்போர்டு, தோல் இருக்கை. கொள்ளையர்கள் தப்பிக்க இதைத்தான் தேடினார்கள்; துரத்துவதற்குப் போலீசும் இதையே வாங்கியது. கம்பெனிக்கு இரண்டு பக்கமும் விளம்பரம்!

புதுப்பிப்பதுதான் வில்லங்கம். தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்க வேண்டும். கதவுக்கு அடியில் துரு ஏறினால் வண்டியின் பலமே போச்சு. பளபள பெயின்ட் அதை மறைத்துவிடும். எஞ்சின் வேலையைவிட வெல்டிங் கூலிதான் பர்ஸைக் காலி பண்ணும். பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். அது ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பட்டி!