கோதையாறு ஆண்பால்

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு திசை உண்டு. நர்ஸிங் என்றால் ஜெர்மனி, வெல்டிங் என்றால் குவைத், என்ஜினீயரிங் என்றால் திருவனந்தபுரம் டெக்னோபார்க். ஸ்பானிஷுக்கு மட்டும் திசை கிடையாது. டெல்லிக்குப் போய் ஸ்பானிஷ் பி.ஏ. சேரப்போகிறேன் என்று நான் சொன்னபோது, முற்றத்தில் ரப்பர் ஷீட்டை உலரப் போட்டுக்கொண்டிருந்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"ஸ்பானிஷா? அதை எந்த நாட்டுல பேசுகினும்?"

"இருபது நாட்டுல பேசுகினும் மாமா. சுமார் 50 கோடிப் பேருக்கு அதாக்கும் தாய்மொழி."

"அதுல கல்ஃப் உண்டா?"

"மெக்சிகோ கல்ஃப் உண்டு."

"அப்பம் கொள்ளாம். போயிட்டு வா."

இப்படியாக, திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி ஸ்பானிஷ் படிக்கப் போன பெருமை எனக்கு வாய்த்தது. டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்று ஸ்பானிஷுக்குப் பட்டப்படிப்பு வைத்திருக்கும் இடங்கள் நாட்டில் சில உண்டு. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனமும் டெல்லியில் கிளை வைத்திருக்கிறது. நான் எங்கே படித்தேன் என்பதை விட்டுவிடுவோம். என் ஆசிரியர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் தமிழும் கற்றுவருகிறார்.

எங்களுக்குக் கிடைத்த பாடப்புத்தகம் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் அது ஆச்சரியப்படும். "ஸ்பானிஷில் எழுவாயை விட்டுவிடலாம், வினைமுற்றின் கடைசி எழுத்தே ஆள் யாரென்று காட்டிவிடும்" என்று ஓர் அத்தியாயம் முழுக்க வியந்திருந்தது. ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். "நேற்று வந்தேன்" என்று மழலையிலேயே சொல்லிப் பழகியவனுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? அடுத்து, ரகரத்தை உருட்டுவதற்கு நாக்கை எங்கே வைப்பது என்று படம் போட்டிருந்தார்கள். கரியையும் கறியையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பட்டினிதான்.

முதல் பருவத்தின் நடுவில்தான் அந்தப் புகழ்பெற்ற பாடம் வந்தது. 'மே குஸ்தா எல் கஃபே.' எனக்குக் காப்பி பிடிக்கும். புத்தகம் கட்டம் கட்டி எச்சரித்தது: இந்த வினை மாணவர்களுக்குப் பெரும் சவால், இதில் விரும்புகிற ஆள் எழுவாய் அல்ல, விரும்பப்படும் பொருளே எழுவாய், ஆகவே தலைகீழாக யோசிக்கப் பழகுங்கள். பேராசிரியர் பலகையில் அம்புக்குறிகள் போட்டு வகுப்பு முடியும்வரை விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? 'முஜே பசந்த் ஹை' என்று சொல்லும் பாட்னாக்காரன், வங்காளத்தில் அதையே 'அமார்' என்று தொடங்கும் கொல்கத்தாப் பெண், 'எனக்கு'ப் போட்டே பிடித்தது, பசித்தது, வலித்தது எல்லாவற்றையும் சொல்லிவரும் நான். எங்களில் எவரும் அதற்காக ஒருநாளும் தலைகீழாக நின்றதில்லை. ஆனாலும் கஷ்டம் என்று அச்சில் வந்துவிட்டதே! மரியாதைக்காக எல்லோரும் கஷ்டப்பட்டோம். வீட்டுப்பாடத்தில் ஒவ்வொருவரும் தாய்மொழியை ஓரமாக வைத்துவிட்டு, காப்பியை முதலில் ஆங்கிலத்தில் விரும்பி, பிறகு அந்த விருப்பத்தைக் கவிழ்த்துப்போட்டு ஸ்பானிஷ் ஆக்கினோம். பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஷீட்டைத் தரகர் கையால் வாங்குவதுபோல இது. சரக்கு அதேதான், கமிஷன் மட்டும் கூடுதல்.

உண்மையான கஷ்டம் வேறிடத்தில் காத்திருந்தது. உயர்திணை, அஃறிணை என்று தொல்காப்பியர் கோடு கிழித்துக் கொடுத்ததால் மேசையும் மழையும் மரச்சீனிக் கிழங்கும் நமக்கு 'அது'. ஸ்பானிஷில் 'அது'வுக்கு இடமில்லை. மேசை பெண், சோபா ஆண். பிரச்சினை ஆண்பால், தீர்வு பெண்பால். இதை அம்மையிடம் போனில் சொன்னபோது, "இதைப் படிக்க டெல்லிக்குப் போவணுமா?" என்று கேட்டாள்.

'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். கோதை என்பது ஆண்டாளின் பெயராயிற்றே என்று கோதையாற்றைப் பெண்பாலில் எழுதினேன். பேராசிரியர் சிவப்பு மையால் சுழித்தார். ஆறு ஆண்பால். ஆண்டாள் வரை போய் முறையிட்டேன், பயனில்லை. அருவியோ பெண்பால். ஆக, பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஆணாக வருகிற கோதையாறு திற்பரப்புப் பாறையில் சுமார் 50 அடி விழும் நேரத்துக்கு மட்டும் பெண்ணாகி, கீழே போய் மறுபடியும் ஆணாக ஓடுகிறது. இந்தக் கூத்து முழுவதற்கும் காரணமான தண்ணீர் இலக்கணப்படி பெண்பால், ஆனால் ஒருமையில் வரும்போது முன்னால் 'எல்' என்ற ஆண்பால் சொல்லை மாட்டிக்கொண்டு 'எல் அகுவா' ஆகிவிடும். பன்மையில் 'லாஸ் அகுவாஸ்' என்று வேடம் கலைந்துவிடும். வகுப்பே தலையில் கைவைத்தது. எனக்கு அதில் பெரிய அதிர்ச்சி இல்லை. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டேதான் ஓடுவார்கள். அதில் மூன்றாவது கோயில் எங்கள் அருவிக்கரை மகாதேவர். அந்த ஊர்க்காரனை எந்த இலக்கணம் குழப்பிவிட முடியும்?

பட்டம் வாங்கி ஊர் திரும்பியிருந்தபோது 2022 உலகக் கோப்பை வந்தது. காலிறுதியில் நெதர்லாந்தை வென்ற கையோடு, பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த மெஸ்ஸி பக்கத்தில் நின்ற எதிரணி ஆட்டக்காரரைப் பார்த்து ஏதோ சீறினார். மறுநாள் காலை சாயாக்கடையில் எல்லாப் போனிலும் அதே வீடியோ. நான் உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இடம் ஒழிந்தது.

"மக்கா, நீ படிச்சவன்லா. மெஸ்ஸி என்னவாக்கும் சொல்லுகான்?"

இங்கே ஒரு சிக்கல். பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்தது மாட்ரிட் ஸ்பானிஷ். மெஸ்ஸி பேசுவதோ அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஸ்பானிஷ். எங்கள் வாய்ப்பாட்டில் 'நீ' என்பதற்கு 'தூ' இருந்த இடத்தில் அவர்கள் 'வோஸ்' வைத்திருப்பார்கள், வினைமுற்றின் அழுத்தமும் கடைசிக்கு நகர்ந்துவிடும். எங்கள் புத்தகம் அதை அடிக்குறிப்பில் தள்ளியிருந்தது. சென்னையில் அச்சடித்த தமிழ்ப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவன் குலசேகரம் சந்தைக்கு வந்தால் என்ன ஆகும்? அதேதான். போனைக் காதில் வைத்து இன்னொரு தரம் ஓடவிட்டேன். ஆங்கிலத்துக்குப் போகாமல் நேரே ஊர்ப் பேச்சுக்கு இறங்கினேன்.

"என்னலே பாக்க, மண்டா? போலே அங்கோட்டுண்ணு சொல்லுகான்."

கடை ஒரு கணம் அமைதியானது. பால் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்: "அப்பம் அவன் நம்ம ஊர்க்காரன்லா!"

நான் படித்த படிப்புக்கு அதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அது. அந்த 'லே'யை ஆங்கிலத்தில் வைக்க இடமில்லை. ஆங்கிலம் வழியாக வந்திருந்தால் மெஸ்ஸி "எதைப் பார்க்கிறாய்? தள்ளிப் போ" என்று போலீஸ் ஏட்டுபோல நின்றிருப்பார். மார்க்கேஸ் ஸ்பானிஷில் எழுதிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழில் வந்தது எங்கள் நாகர்கோவில் காலச்சுவடு பதிப்பகத்திலிருந்து. கொலம்பியாவிலிருந்து குமரி மாவட்டம் வரை வந்த அந்த நாவலும் ஆங்கிலத்தில் வண்டி மாறித்தான் வந்தது. நல்ல மொழிபெயர்ப்பு என்று எல்லோரும் மெச்சுகிறோம். வண்டி மாறாமல் வந்திருந்தால் இன்னும் என்னவெல்லாம் இறங்கியிருக்கும் என்று எனக்கு ஆசை.

எதிர்த் திசையில் வந்த ஒருவர் இந்த ஆங்கிலத் தரகே இல்லாமல் காரியம் முடித்திருக்கிறார். நவார்ராவில் 1506இல் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தாய்மொழியோ பாஸ்க். தமிழும் போர்த்துகீசும் தெரிந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயரிலான பேராலயம் கோட்டாறில் இருக்கிறது, திருவிழாவுக்கு மாவட்டமே விடுமுறை விடுகிறது. அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் ஒருபடி மேலே போய், 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். தமிழைக் கற்க அவர் தன் மொழியிலேயே ஏணி செய்துகொண்டார். ஸ்பானிஷ் கற்க நாம் பக்கத்து வீட்டு ஏணியை இரவல் வாங்குகிறோம்.

இப்போது நான் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்காக மெக்சிகோ வாடிக்கையாளர்களிடம் பேசுகிறேன். அங்கே பகலென்றால் இங்கே இரவு. பால்வெட்டுக்காரர்கள் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நுழையும் நேரத்தில் என் வேலை முடியும். சம்பளம் வந்த மாதத்திலிருந்து மாமா, "மருமகனுக்குக் கல்ஃப் கம்பெனியில வேலை" என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறார். நான் திருத்தவில்லை. பூகோளப்படி அதில் பாதி உண்மை.

ஸ்பானிஷை எளிய மொழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கஷ்டங்களில் பாதி நமக்குரியவை அல்ல, ஆங்கிலேயருக்குரியவை. அவர்கள் பட்ட கஷ்டத்தை நாம் பணம் கட்டிப் படிக்கிறோம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஸ்பானிஷைத் தமிழ் வழியே சொல்லித்தர முன்வந்தால் 'மே குஸ்தா' பாடம் ஐந்து நிமிடத்தில் முடியும், மிச்ச நேரத்தை ஆண்பால் பெண்பாலோடு மல்லுக்கட்டச் செலவிடலாம். அதுவரை, உங்கள் வீட்டுப் பிள்ளை அயல்மொழி படிக்கக் கிளம்பினால் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: புத்தகத்தில் எங்கே 'கஷ்டம்' என்று கட்டம் கட்டியிருந்தாலும், கஷ்டப்படத் தொடங்கும் முன் "யாருக்கு?" என்று கேட்கட்டும்.