சொல்லுக்கு ஒரு வெர்னியர்

1987-இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு வெர்னியரும் ஒரு கட்டு டேக்கும். பச்சை டேக் கட்டினால் சரக்கு பாஸ். மஞ்சள் கட்டினால் தேய்த்துத் திருத்திக்கொள்ளலாம். சிவப்பு கட்டினால் காயலான் கடை. இந்த மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். நான் வருவதைப் பார்த்தாலே லேத்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு.

இப்போது மறுபடி அதே எஸ்டேட்டுக்குத்தான் போய்வருகிறேன். பட்டறை இருந்த வரிசையில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. நான் அளப்பது புஷ்ஷும் ஷாஃப்டும் இல்லை, சொற்கள். திரையில் இரண்டு தமிழ்ச் சொல் வரும். பொருளில் அவை எவ்வளவு நெருக்கம் என்று 0 முதல் 10 வரை மார்க் போட வேண்டும். சைக்கிள் என்று தேடுகிறவனுக்கு, யாரோ மிதிவண்டி என்று டேக் போட்டு வைத்த படத்தையும் கம்ப்யூட்டர் எடுத்துக் காட்ட வேண்டுமாம். அதற்கு இந்த மார்க் உதவுமாம். மைத்துனர் மகள் சொல்லிச் சேர்த்துவிட்ட பகுதிநேர வேலை. டீம் லீடுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னை அங்கிள் என்று கூப்பிடும் பெண்.

"எதை வச்சும்மா அளக்கிறது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"மனசுல என்ன தோணுதோ அதைப் போடுங்க அங்கிள்."

மனசில் தோன்றியதை ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் பழைய முதலாளி என்னை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்.

விசாரித்துப் பார்த்தேன். வேலை புதிது இல்லை. 1965-இல் அமெரிக்காவில் ரூபன்ஸ்டைன், குடினஃப் என்ற இருவர் 65 ஆங்கிலச் சொற்சோடிகளை 51 மாணவர்களிடம் கொடுத்து, 0 முதல் 4 வரை மார்க் போடச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம், உச்சிவேளை என்கிற மாதிரி ஒரு சோடி 3.94 வாங்கியது. கடைசி இடம் கயிறுக்கும் புன்னகைக்கும்: 0.02. படித்ததும் சிரித்துவிட்டேன். என் பழைய வெர்னியரில் படிக்க முடிந்த மிகச் சின்ன அளவும் 0.02 தான், மில்லிமீட்டரில். ஆனால் 1982-இல் விசுவின் 'மணல் கயிறு' பார்த்துவிட்டு வந்த எவனும் கயிறுக்கும் சிரிப்புக்கும் அவ்வளவு கஞ்சத்தனமாக மார்க் போட மாட்டான். கயிறு திரிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவனும் போட மாட்டான்.

2002-இல் வந்த இன்னொரு பட்டியலில் 353 சோடி. அதில் ஒரு குழப்பம் உண்டு. ஒன்றைப்போல இன்னொன்று இருப்பது வேறு, ஒன்றோடு இன்னொன்று சேர்ந்திருப்பது வேறு. மயிலும் தினையும் எந்த விதத்திலும் ஒன்றுபோல இல்லை. ஆனால் குறிஞ்சி என்றால் இரண்டும் வந்து நிற்கும். நம் ஆட்கள் இதைக் கருப்பொருள் என்று வகுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மார்க் மட்டும்தான் போடவில்லை.

கருப்பொருள் படிக்காமலே இந்த விஷயத்தில் கரைகண்டவர் ஒருவர் எங்கள் பட்டறையில் இருந்தார். ஸ்டோர்ஸ் அண்ணன். சாமானை நம்பர் வரிசையில் அடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. அண்ணன் அடுக்க மாட்டார். மரை வெட்டும் டேப்புக்குப் பக்கத்தில் கட்டிங் ஆயில் டின். கிரைண்டிங் வீலுக்குப் பக்கத்தில் கண்ணாடி. கேட்டால், "இதை வாங்க வர்றவன் அதையும் கேப்பான்டா, நான் ஏன் ரெண்டு தடவ நடக்கணும்?" என்பார். பனியன் வேஸ்ட்டை மட்டும் எதோடும் சேர்க்காமல் வாசலிலேயே மூட்டையாகப் போட்டிருப்பார். அதை எல்லாரும் கேட்பார்கள். எல்லாரும் கேட்பதால் அது யாருக்கும் சொந்தம் இல்லை.

இன்றைக்கு டேக்குகளின் உறவைக் கணக்கிடுவதும் இதே முறையில்தான். எந்த டேக்கோடு எந்த டேக் அடிக்கடி ஒரே படத்தில் வருகிறது என்று எண்ணு. 'சென்னை' மாதிரி எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் டேக்குக்கு மதிப்பைக் குறை. எங்கும் வரும் சொல்லுக்கு எடை குறைவு என்பதைக் கணக்காக்கி 1972-இல் எழுதியவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. சொல்லின் பொருள் அது சேரும் கூட்டத்தில் இருக்கிறது என்று 1957-இல் சொன்னவர் ஜே. ஆர். ஃபர்த். அவர் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அண்ணனுக்கு ஆபீஸிலிருந்து கிடைத்தது இரண்டு மெமோ.

இப்போதைய இயந்திரம் ஒவ்வொரு சொல்லையும் எண்களாக ஆக்கிவிடுகிறது. 2018-இல் 157 மொழிகளுக்கு வெளியிட்ட ஃபாஸ்ட்டெக்ஸ்ட் என்ற தொகுப்பில் தமிழும் உண்டு, சொல் ஒன்றுக்கு 300 எண். அந்த எண்களைத் திசையாக எடுத்துக்கொண்டு, இரண்டு சொல்லின் திசைகளுக்கு நடுவே உள்ள கோணத்துக்கு காஸ் கண்டுபிடித்தால் நெருக்கம் தெரிந்துவிடும். ஒரே திசை என்றால் 1, செங்குத்து என்றால் 0. காஸ் தீட்டா வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்டு வெளியே நின்றவன் நான்.

எல்லாம் சரி. நம் ஊர்ப்பக்கத்துக்கு வந்தால்தான் இயந்திரம் திணறுகிறது. பாடி என்றால் அதற்குப் பாட்டு, எங்களுக்கு அது கொரட்டூருக்கு முன்னால் இருக்கும் ஊர். சொல்லின் எழுத்துத் துண்டுகளையும் அது பார்ப்பதால், பூவிருந்தவல்லியை விடப் பூந்தமல்லிக்குக் கொத்தமல்லி சொந்தமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஓ.டி. என்றால் ஓவர்டைமா, ஆபரேஷன் தியேட்டரா, அம்பத்தூர் பஸ் நிலையமா? பஸ் நிலையம்தான் என்றாலும் அது ஓல்ட் டவுனா ஒரகடம் டெர்மினஸா என்று எங்கள் தெருவில் தீராத பஞ்சாயத்து. ஆவடி என்பதே ராணுவ வண்டிகள் பற்றிய ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தபோது ஆவடி ஆவடியாகத்தான் இருந்தது. அங்கிருந்து விஜயந்தா டாங்க் வெளியே வந்ததோ 1965-இல். கதை பொய்தான். ஆனாலும் 'ஆவடி – டாங்க்' சோடிக்கு நான் 9 போட்டேன். பொய்க் கதையாலும் உறவு வரும், கல்யாணத் தரகர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வினை வந்தது 'எஸ்டேட் – தேயிலை' சோடியில். 1 போட்டேன். அடுத்து 'எஸ்டேட் – லேத்'. 9 போட்டேன்.

"அங்கிள், மத்தவங்க எல்லாரும் முதல்ல 8, ரெண்டாவதுல 1. நீங்க தலைகீழா போட்டிருக்கீங்க."

"அம்மாடி, நாம உக்காந்திருக்கிற இடத்துக்குப் பேர் என்ன?"

"எஸ்டேட்."

"ஜன்னல்ல தேயிலைச் செடி தெரியுதா?"

சிரித்தாளே தவிர மசியவில்லை. சராசரியை விட்டு விலகிய விடைகளைச் சிஸ்டமே கழித்துவிடுமாம். என் பெயருக்கு எதிரே திரையில் ஒரு சின்னச் சிவப்பு டேக் தொங்கியது. லேத்காரர்கள் பார்த்திருந்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்து 'எஸ்டேட் – தேயிலை' மறுபடி வந்தது. நான் யோசித்தேன். காலை பத்து மணி சங்கு, தூக்கில் வரும் டீ, எண்ணெய்க் கையோடு கிளாஸைப் பிடிக்கும் ஆட்கள், அண்ணன் கடனுக்குச் சொல்லும் இரண்டாவது டீ. டீ இல்லாமல் எந்த எஸ்டேட் ஓடியது? மனசாட்சிப்படி 4 போட்டேன்.

அந்தச் சோடியை வேண்டுமென்றேதான் இரண்டாம் முறை அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பட்டறையிலும் அந்த வழக்கம் உண்டு. ஒரே பீஸை ஒரே ஆளிடம் தெரியாமல் திரும்பக் கொடுப்போம். அளவு மாறினால் கருவியை நம்பலாமா, ஆளை நம்பலாமா என்று பார்ப்பதற்காக.

"அங்கிள், போன வாரம் 1, இந்த வாரம் 4" என்றாள் அந்தப் பெண். என் பெயருக்கு எதிரே இப்போது இரண்டு சிவப்பு.