டச்சுக்காரர் பிடித்த ஊர், பிடிக்காத மதம்

கேள்வி: ஐரோப்பாவின் கத்தோலிக்க–புராட்டஸ்டன்ட் சண்டை தூத்துக்குடிக்கும் வந்ததா?

பதில்: கப்பலேறியே வந்தது! 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள். டச்சுப் போதகர் பால்தேயுஸ், முத்துக்குளிக்கும் கத்தோலிக்கப் பரதவரைக் கால்வினின் புராட்டஸ்டன்ட் வழிக்குத் திருப்பப் பார்த்தார், நடக்கவில்லை. 1530களில் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்புக்காகத்தானே கத்தோலிக்கத்துக்கு மாறினார்கள் என்பீர்கள். தொடக்கம் அப்படித்தான். ஆனால் காவல் தந்த போர்ச்சுகல் தோற்றுப்போன பிறகும் கத்தோலிக்கத்தை அவர்கள் விடவில்லையே! ஜெர்மானிய நாடுகளில் ஆள்பவன் மதமே குடிகளின் மதம் என்று 1555இல் ஆக்ஸ்பர்க்கில் ஒப்பந்தம் எழுதினார்கள். தூத்துக்குடி இருக்கும் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அந்த விதி செல்லவில்லை. டச்சுக்காரரின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது: முத்தெடுக்கப் பரதவர் வேண்டுமே! 1713இல், டச்சுக்காரர் காலத்திலேயே, தூத்துக்குடியில் கத்தோலிக்கரின் பனிமய மாதாவுக்குப் புதுக்கோயில் எழுந்தது.