தாமரையும் அல்வாவும்

கேள்வி: தேசியத் திரைப்பட விருதுப் பட்டியல் வரும்போதெல்லாம் ஒரு சந்தேகம். எங்கள் சீமைக் கதைகள் டெல்லியின் கண்ணில் படுவதே இல்லையா?
(வாசகர், கூடங்குளம்)

பதில்: ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிற ஊரிலிருந்து, டெல்லியில் வெளிச்சம் போதவில்லை என்கிறீர்கள்!

1960-லேயே பாஞ்சாலங்குறிச்சிக்காரரை கெய்ரோ அடையாளம் கண்டுகொண்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் பரிசு. டெல்லியைக் குறை சொல்ல முடியாது. நடிகருக்கு விருது என்ற பழக்கமே அங்கே 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. தொடங்கிய பிறகும் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' ஓட்டிப் போய் 1971-க்கான விருதை வாங்கிவந்துவிட்டார்.

உங்கள் பக்கத்து மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021-க்கான பட்டியலில் இல்லை. 'ஜெய் பீம்', 'சார்பட்டா பரம்பரை'யும் இல்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் 'கடைசி விவசாயி' சிறந்த தமிழ்ப் படமானது. அதில் நடித்த நிஜ விவசாயி நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. படம் வெளியாகும் முன்பே போய்விட்டார். அந்த வருஷம் நடுவர்களை நான் மன்னித்தது அவருக்காகத்தான்.

கேள்வி: ஜெயித்தவர்களுக்கு அப்படி என்னதான் கொடுக்கிறார்கள்?
(அதே வாசகர்)

பதில்: தங்கத் தாமரைக்கு 3 லட்சம் ரூபாய், வெள்ளித் தாமரைக்கு 2 லட்சம். தோற்றவர்களுக்கு அல்வா. அது உங்கள் ஜில்லா சரக்குதானே!