இரண்டு பக்கமும் ராங்க்

மும்பை தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு நேர் ரயில் உண்டு. மாணவர் தற்கொலையில் முதலிடம் பிடித்த மாநிலத்தில் ஏறி, இரண்டாமிடம் பிடித்த மாநிலத்தில் இறங்கிக்கொள்ளலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கு: மகாராஷ்டிரம் 1,764, தமிழ்நாடு 1,416, நாடு முழுக்க 13,044. மும்பைத் தமிழனுக்குப் பிழைக்க வந்த இடத்திலும் ராங்க், பிறந்த மண்ணிலும் ராங்க். பேனர் வைக்க வேண்டாமா?

பேனருக்குப் பதில் ஆய்வு வைக்கிறார்கள். கிராமப்புற, நகர்ப்புற மாணவர்களின் உளநலம் பற்றி. படிவத்தில் இரண்டே கட்டம். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு முடங்கி, விடியுமுன் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று, தாதர் கோச்சிங் வகுப்புக்கு ஓடுகிற பையன் எதில் டிக் அடிப்பான்? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அறிவியலைத் தமிழில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் அவன். பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பையனின் விரல் எந்த வரியில் ஊர்கிறது என்று ஓரக்கண்ணால் பார்க்கிறான். ஊருக்குப் போனால் பம்பாய்க்காரன், கல்லூரிக்குப் போனால் மதராஸி. படிவம் மட்டும் சந்தேகமே இல்லாமல் எழுதிக்கொள்கிறது: நகர்ப்புறம், வசதி அதிகம்.

மருந்து தயார். யோகா, 'பாசிட்டிவ் திங்கிங்', பங்கேற்புச் சான்றிதழ். "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். நாறும் மித்தி ஆற்றங்கரையில் குடியிருப்பவனிடம் சொல்ல வேண்டிய யோசனைதானா இது, சார்?

கல்வி நிறுவனத்தில் நூறு மாணவரோ அதற்கு மேலோ இருந்தால் மனநல ஆலோசகர் கட்டாயம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார்த்துக்கொண்டே இருங்கள், அந்தப் பதவியையும் பி.டி. மாஸ்டர் தலையில் கட்டுவார்கள். விசிலோடு வந்து மனசு சரியா என்று கேட்பார்.

அந்த ஆய்வுப் படிவத்தில் சாதிக்கென ஒரு கட்டமும் இல்லை. பவாய் ஐஐடிக்கு அகமதாபாத்திலிருந்து வந்த தர்ஷன் சோலங்கி, முதலாண்டு மாணவர், தலித். 2023 பிப்ரவரி 12 அன்று உயிரை விட்டார். சாதிக் கொடுமைதான் காரணம் என்று குடும்பம் கதறியது. நிறுவனம் போட்ட குழுவோ நிதானமாக விசாரித்தது. சாதிப் பாகுபாட்டுக்கு நேரடிச் சான்று இல்லையாம். படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாமாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் மார்க் கணக்கு சொல்ல ஒரு கமிட்டி!