தெருக்கோடித் தன்வந்திரி

ஒரு நாய்க்குக் காயம் பட்ட செய்தி, அதை வளர்க்கிறவருக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடுகிற மனிதர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அநேகமாக அவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தம் ஆயுளில் ஒரு நாய்க்குட்டியையேனும் வளர்த்தவரல்லர், ஏனெனில் அவருடைய தர்மபத்தினி அதற்குச் சம்மதித்ததில்லை. ஆகவே அவருடைய ஜீவகாருண்யம் முழுவதும் அயலார் வீட்டு நாய்களின் மீதே பிரவகிக்க வேண்டியதாயிற்று. சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு முதல் மிருக வைத்தியக் கல்லூரி ஒன்று நடந்து வருவதை அவர் அறியாதவரல்லர். அங்கே படித்து வந்தவர்களுக்கு ஊசி போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது அவருடைய அபிப்பிராயம்.

எங்கள் வீட்டு நாய் மணி, முள்கம்பி வேலியில் நுழைந்து விலாவில் விரல் நீளத்துக்குக் கீறிக்கொண்டு வந்த அன்று, நான் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அவர் வந்து சேர்ந்தார். மேல்தோல் மட்டுமே கிழிந்து, இரத்தமும் தானாக நின்றுவிட்ட இத்தகைய காயத்துக்கு வேண்டியது சொற்பமே: சுற்றிலும் உள்ள ரோமத்தைக் கத்தரித்து, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவி, ஈ மொய்க்காமலும் நாய் நக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் உப்பும் தண்ணீரும் எல்லார் வீட்டிலும் கிடைப்பவையாதலால், அவற்றை ஔஷதமென்று ஒப்புக்கொள்ள அவர் மனம் இடந்தரவில்லை.

எனவே தூணுக்கு அப்பால் ஜாக்கிரதையாக நின்றுகொண்டு, "வாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஸார்" என்று எனக்கு உத்தரவிட்டு, தாம் கொண்டுவந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடை என் மகன் கையாலேயே தாராளமாக ஊற்றச் செய்து, அது நுரைத்துப் பொங்கியதும், மத்தாப்பைக் கண்ட குழந்தையைப் போல, "பார்த்தீரா, கிருமிகள் துடிதுடித்துச் சாகின்றன!" என்று ஆனந்தித்தார். கிருமிகளோடு, புண்ணை ஆற்ற முனைந்திருக்கும் புதுத் திசுவும் அந்த நுரையில் மடிகிறது என்பதை அவரிடம் சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? மறுநாள் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள் வந்தது. அவர் முதுகு திரும்புவதற்குள் மணி அதை முற்றும் நக்கித் தீர்த்துவிட, "மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்கிவிட்டது!" என்று வியந்தார். இறங்கியது வாஸ்தவந்தான், வயிற்றுக்குள். அடுத்து அவர் நீட்டியவை துத்தநாகக் களிம்பும், வலி தணிய அரைப் பாரசிட்டமால் மாத்திரையும். முன்னதை நக்கினால் விஷம். பின்னது நாயின் கல்லீரலைக் கெடுக்க வல்லது. இரண்டையும் என் மனைவி மிகுந்த பயபக்தியுடன் வாங்கிக்கொண்டு, கொல்லைப்புறம் போய்க் குப்பையில் சேர்த்துவிட்டு, மணியைத் தினமும் இருவேளை உப்பு நீரால் கழுவி, என் பழைய பனியன் ஒன்றை அதற்கு மாட்டிவிட்டாள்.

வாரம் திரும்புவதற்குள் புண் வறண்டு பொருக்குத் தட்டியது. அந்தப் புகழ் யாரைச் சேர்ந்தது என்பதில் அவருக்கு அணுவளவும் ஐயமில்லை. இதற்குள் மூன்று தெருக்களுக்கு அது பரவிவிட்டது. இப்போதெல்லாம் வாசலில் அவருடைய செருமல் கேட்ட மாத்திரத்தில், பூரண சௌக்கியத்துடன் இருக்கும் மணி கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. அவர் குனிந்து பார்த்து, "இன்னும் சொஸ்தமாகவில்லை, ஸார், உள்ஜுரம் இருக்கிறது" என்று சொல்லிப் புட்டியின் மூடியைத் திருகுகிறார்.